சீட்டு இல்லாமல் போன மாடு

ஜனவரி 6

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்துவிட்டுப் போன டைரி. பக்கத்துக்குப் பக்கம் அடியில் குடற்புழு மருந்து விளம்பரம். போன வருட டைரியில் பிப்ரவரி வரைதான் எழுதினேன், அதற்கு மேல் மளிகைப் பட்டியல். இந்த வருடம் பெனாசிர் சொன்னதால் எழுதுகிறேன். அவள் பறவை ஆராய்ச்சி செய்கிற பெண். மாயாற்றங்கரையில் நாலு வருடமாகப் பாறுக் கழுகுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். "தேதி போட்டு எழுதுங்கக்கா, எதுக்காச்சும் உதவும்" என்றாள். எண்ணிப் பழகியவர்கள் எல்லாவற்றுக்கும் தேதி கேட்பார்கள்.

முதல் பக்கத்தில் பெயரும் தொழிலும் எழுதக் கட்டம் போட்டிருக்கிறது. எழுதிவிட்டேன். கோகிலவாணி, கால்நடை ஆய்வாளர், கிளை நிலையம், மருதங்காட்டூர். ஊரில் டாக்டரம்மா என்பார்கள். நிஜ டாக்டர் பவானிசாகரில் இருக்கிறார். நான் ஊரைத் திருத்துவதை விட்டுப் பத்து வருடம் ஆகிறது.

இன்று சினை ஊசி மூன்று. ஒரு கன்றுக்குக் கழிச்சல். வலிக்குப் போடுகிற, பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் ஒரே ஒரு குப்பி மிச்சம். கேட்டு எழுதிப்போட்டிருக்கிறேன்.

மாலையில் களத்துக்குப் போய் வேலி பார்த்தேன். காட்டோரத்தில் செத்த மாட்டைப் போடும் இடம் அது. மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் செத்த மாட்டை எல்லாம் புதைத்துவிடுவார்கள். வீடு வீடாகப் போய் வாய் வலிக்கப் பேசி நிறுத்தியது நான்தான். புதைக்காதீர்கள், களத்தில் போடுங்கள், பாறு தின்னட்டும். ஆனால் இழுத்துப் போகுமுன் என்னிடம் சீட்டு வாங்குங்கள். கடைசி ஒரு வாரத்தில் அந்த மாட்டுக்கு என்ன ஊசி போட்டது என்று பதிவேட்டைப் பார்த்து நான் சீட்டு எழுதுவேன். டைக்ளோஃபினாக் போட்ட மாடாக இருந்தால் சீட்டு கிடையாது, குழிதான். மனிதர்கள் மூட்டுவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்குப் போடத் தடை. அந்த மாட்டைத் தின்ற பாறு மூன்றாம் நாள் சிறுநீரகம் கெட்டுச் சாகும். மூன்று வருடத்தில் சீட்டு இல்லாமல் ஒரு மாடும் களத்துக்குப் போனதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஜனவரி 9

பெனாசிர் பள்ளிக்கூடத்தில் பேசினாள். நானும் போயிருந்தேன். போஸ்டர் ஒட்டும் வேலை எப்போதும் எனக்குத்தான்.

"உலகத்துக்கே ஒரு பெரிய கெட்ட காலம் வந்தா எந்த உயிர் முதல்ல போகும்?" என்று கேட்டாள். "கோழி" என்றது ஒரு பெண் பிள்ளை. ஏன் என்றதற்கு, "நாங்க தின்னுருவமுங்க" என்றது. அரை நிமிடம் வகுப்பே சிரித்தது.

பூமியில் அப்படி ஐந்து கெட்ட காலம் வந்ததாம். கடைசியாக வந்ததில் டைனோசர்கள் போயின. அப்போது கடலில் சுருள் ஓட்டுப் பிராணி ஒன்றும் மொத்தமாகப் போயிற்றாம். அரியலூர்ப் பக்கம் அதன் ஓடு கல்லாகக் கிடைக்கும் என்று படம் காட்டினாள். அது பொடிப்பொடியாக ஏராளம் முட்டை இட்டு, குஞ்சுகளைக் கடலின் மேல்மட்டத்தில் மிதக்கவிட்டதாம். மேல்மட்டத்தில் தீனி அற்றதும் அத்தனை குஞ்சும் போயிற்று. அதன் ஒன்றுவிட்ட சொந்தம் ஒன்று ஆழத்தில் கொஞ்சமாக, பெரிய முட்டையாக இட்டது. அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. காரணம் அதுதான் என்று கருதுகிறார்கள், யாரும் கூட இருந்து பார்க்கவில்லை என்றும் சொன்னாள். அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

தலைமையாசிரியர் விடவில்லை. "அப்ப கம்மியா முட்டை போடறதுதான் நல்லதுங்களா?"

"அந்தக் கெட்ட காலத்துக்கு அது நல்லது சார். இந்தக் கெட்ட காலத்துக்கு அதுவே வினை. எந்தப் பக்கம் இருந்து அடி விழுதுங்கறதப் பொறுத்தது."

பிறகு பொதுவாகச் சொன்னாள். உடம்பு பெரிது, பிள்ளை கொஞ்சம், ஒரே தீனி, ஒரே இடம், இப்படிப்பட்டவை முதலில் போகும். எலி, கரப்பான், காக்கை எப்படியாவது ஒட்டிக்கொள்ளும். பாறுக்கோ வருடத்துக்கு ஒரு முட்டை. குஞ்சு பெரிதாகி முட்டையிட ஐந்து வருடம். செத்ததைத் தவிர வேறு தீனி கிடையாது. அதிலும் ஊரெல்லாம் கூடி ஒரே மாட்டைத் தின்னும். ஒரு இலையில் விஷம் இருந்தால் பந்தியே காலி.

வரும் வழியில் யோசித்தேன். அடைப்பான் நோயில், அதுதான் ஆந்த்ராக்ஸ், செத்த மாட்டைக்கூடப் பாறு தின்று செரித்துவிடும். அப்பேர்ப்பட்ட வயிறு. ஆனால் என் வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தியின் மருந்துக் கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும் முழங்கால் ஊசியை அதனால் தாங்க முடியவில்லை. எதை நம்பி இத்தனை காலம் பிழைத்ததோ அதனாலேயே அடி வாங்குகிறது, பாவம்.

ஜனவரி 12

ஏழாம் எண் போட்ட மரத்துப் பாறுக் கூட்டில் குஞ்சு பொரித்துவிட்டது. பெனாசிர் போனில் கத்திய கத்தலில் காது இன்னும் அடைத்திருக்கிறது.

ஜனவரி 13

கடைசிக் குப்பி மெலாக்சிகாமும் தீர்ந்தது. பவானிசாகருக்குப் போன் போட்டேன். பொங்கல் கழித்துத்தான் லோடு வருமாம்.

மதியம் ஏழாம் மரத்துக்குப் போனோம். நீர்மருது மரம், பனை உயரம். வனத்துறைக் காவலர் சடையண்ணன் எண்ணெய்ப் பெயிண்டில் எண் போட்டிருக்கிறார். தொலைநோக்கியில் பார்த்தேன். தாய் தகப்பன் இரண்டும் மாறி மாறிக் காவல். ஒன்று தீனிக்குப் போனால் இன்னொன்று கூட்டிலேயே நின்று இறக்கையை விரித்து வெயில் மறைக்கிறது. குஞ்சு கைப்பிடி அளவு சாம்பல் பஞ்சு. அழகென்று சொல்ல முடியாது.

"எங்கூட்டுக்காரியும் நானும் இந்தளவுக்கு முறை போட்டதில்லீங்" என்றார் சடையண்ணன்.

ஜனவரி 15

பொங்கல். காலையில் அடுப்பில் பானை ஏறுவதற்குள் மாராத்தாள் அக்கா வந்துவிட்டார். அவருக்கு வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இருப்பது ஒரு கறவை மாடும் ஒரு கிடாரியும். அந்தக் கறவைக்கு மடிநோய். போய்ப் பார்த்தேன். மடி கல்லாட்டம் இறுகி, தொட்டால் சுடுகிறது. மாடு பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறது. மாராத்தாள் அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"டாக்டரம்மா, வலி தாங்காமத் துடிக்குதுங். ஏதாச்சும் பண்ணுங்."

கிருமிக்கு ஊசி என்னிடம் இருந்தது. அதைப் போட்டேன். வலிக்கும் போட்டேன். இடையில் ஒருமுறை வீட்டுக்கு வந்து ஈஸ்வரமூர்த்தியைக் கடை திறக்க வைத்தேன். பொங்கலும் அதுவுமாகக் கடையைத் திறக்கச் சொல்கிறாயே என்று முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். அரை மணியில் மாடு தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. மாராத்தாள் அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதிவேட்டில் வழக்கமானதை எழுதினேன்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். கோபியில் மாமியார் வீடு. மாராத்தாள் அக்கா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். பந்தி பரிமாறிக்கொண்டிருந்தேன், எடுக்கவில்லை. நாளைக்கு எப்படியும் போகத்தானே போகிறேன்.

ஜனவரி 17

பஸ்ஸில் வரும்போது பெனாசிர் கூப்பிட்டாள். "அக்கா, களத்துல மாடு விழுந்திருக்கு! நாற்பத்தொண்ணு பாறு! நாலு வருஷத்துலயே இதுதான் அதிகம். மரத்துல இருந்து இறங்க ஆரம்பிச்சிருச்சு. சீக்கிரம் வாங்க!"

யாருடைய மாடு என்று கேட்டேன். மாராத்தாள் அக்காவுடையது என்றாள்.

பஸ் நிறுத்தத்திலிருந்து களம் ஒரு மைல் இருக்கும். ஓடினேன். நாற்பத்தாறு வயதில், பட்டுச் சேலையில். மாட்டின் மேல் ஒரே கறுப்பாக இறக்கை. தள்ளி மரத்தடியில் பெனாசிரும் சடையண்ணனும் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பூரிப்பாக நின்றிருந்தார்கள். நான் கல்லை எடுத்து வீசினேன். கையிலிருந்த பையைச் சுழற்றிக்கொண்டு, ஓவென்று கத்திக்கொண்டு நடுவில் புகுந்தேன். பாறு நிறையத் தின்றால் சட்டென்று பறக்க முடியாது. சில ஓடின, சில எழும்பின. தொண்டைப்பை புடைத்த பத்துப் பதினைந்து அங்கேயே தத்தித் தத்தி நகர்ந்தன. அவை தின்று முடித்துவிட்டவை.

"என்னங்கக்கா பண்றீங்க? பைத்தியமா?" பெனாசிர் என் கையைப் பிடித்தாள்.

ஊரே பின்னால் வந்துகொண்டிருந்தது. மாராத்தாள் அக்காவும். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அடைப்பான்" என்றேன். "அடைப்பான் மாதிரி இருக்குது. யாரும் கிட்ட வராதீங்க."

பெனாசிர் புருவத்தைச் சுருக்கினாள். "அடைப்பான் பாறுக்கு ஒண்ணும் பண்ணாதேக்கா."

"மனுசனுக்குப் பண்ணும். நாய் ஒரு துண்டை இழுத்துட்டு ஊருக்குள்ள போனா நீயா பதில் சொல்லுவ?" என்று அதட்டினேன். அவளை நான் அதட்டியது இதுதான் முதல் தடவை.

மாராத்தாள் அக்காவிடம், சீட்டு இல்லாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ரெண்டு தடவ கூப்டனுங்களே. எடுக்கலீங்க. உங்ககிட்டச் சீட்டு எதுக்குங், நீங்களே போட்ட ஊசிதானன்னு இழுத்துட்டு வந்துட்டனுங். கழுகு பசியோட இருக்கும், காக்க வைக்க வேண்டாம்னு நீங்கதான சொல்லியிருக்கீங்."

ஜனவரி 18

ஜே.சி.பி. வைத்து ஆறடிக் குழி. சுண்ணாம்பு எட்டு மூட்டை. பஞ்சாயத்தில் தண்டோரா போட்டார்கள். இனி செத்த மாட்டை எல்லாம் புதைக்க வேண்டும், களத்தைப் பூட்டியாயிற்று. மாராத்தாள் அக்காவின் தொழுவத்தில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். ரத்த மாதிரி அனுப்பிவிட்டீர்களா என்று தலைவர் கேட்டார். அனுப்பிவிட்டேன் என்றேன்.

ஜனவரி 19

சடையண்ணன் பாறு ஒன்றைக் கண்டெடுத்தார். கழுத்தைத் தொங்கவிட்டு ஒரு கிளையில் உட்கார்ந்திருந்ததாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்ததாம்.

ஜனவரி 20

நான்கு.

ஜனவரி 22

மொத்தம் பதினொன்று. கண்ணில் பட்டவை மட்டும் இவ்வளவு. காட்டுக்குள் விழுந்தது யாருக்குத் தெரியும்.

பெனாசிர் ஒன்றை அறுத்துப் பார்த்தாள். நானும் உடன் இருந்தேன், கையுறை மாட்டி விளக்குப் பிடித்தேன். உள்ளே ஈரலிலும் இதயத்திலும் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. சிறுநீரகம் கெட்டால் அப்படித்தான் படியும். ஈரலிலும் சிறுநீரகத்திலும் துண்டு எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள், ஆய்வுக்கூடத்துக்கு.

"அக்கா, மாராத்தாளம்மா மாட்டுக்கு என்ன போட்டீங்க?"

"பதிவேட்டைப் பாரு" என்றேன்.

பார்த்துவிட்டாளாம், காலையிலேயே.

ஏழாம் மரத்து ஜோடியில் ஒன்று திரும்பவில்லை. இருப்பது இடது இறக்கையில் நடுவே ஒரு இறகு இல்லாதது. அதனால் அடையாளம் சுலபம் என்றார் சடையண்ணன்.

ஜனவரி 25

மாராத்தாள் அக்காவின் பாலைச் சொசைட்டியில் ஊற்ற விடவில்லை. கறவை போன பிறகு தங்கச்சி வீட்டிலிருந்து ஒரு மாட்டை ஓட்டி வந்திருக்கிறார். அந்தப் பாலும் வேண்டாமாம். அவர் வீட்டுக்கு இப்போது அடைப்பான் வீடு என்று பெயர். தெருக்குழாயில் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்களாம். மகளும் மருமகனும் பொங்கல் கழித்து வருவதாக இருந்தவர்கள் வரவே இல்லை.

நிலையத்துக்கு வந்தார். உள்ளே வராமல் படியோடு நின்றார்.

"என்ற மாட்டுக்கு எப்புடிங்க வந்துச்சு? நான் சுத்தபத்தமாத்தானுங்க வெச்சிருந்தன்."

"மண்ணுல இருக்கும்க்கா. யாரு மேலயும் தப்பில்ல" என்றேன்.

"என்ற மேல தப்பில்லைன்னு ஒருவாட்டி சொசைட்டில வந்து சொல்லுங். நீங்க சொன்னாக் கேப்பாங்."

சரி என்றேன். போகவில்லை. குளிர்காய்ச்சல் மாதிரி இருந்தது.

ஜனவரி 28

பழனிச்சாமிக் கவுண்டரின் எருதைப் பாம்பு கடித்துவிட்டது. ஒரு ஊசியும் போடாத எருது. களத்துக்கு நயமான தீனி. என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. தோட்டத்திலேயே குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடிவிட்டார்கள். சடையண்ணன் போய்க் கேட்டுப் பார்த்தாராம். "டாக்டரம்மாவே புதைக்கச் சொல்லிப்போட்டாங், நீ எந்தூரு நியாயம் பேசற" என்று துரத்திவிட்டார்களாம்.

மூன்று வருடம் பேசியது ஒரு வார்த்தையில் போய்விட்டது. ஊர் என் பேச்சைக் கேட்பதில்லையே என்று எத்தனை நாள் புலம்பியிருப்பேன். இப்போது கேட்கிறது.

பிப்ரவரி 1

ஏழாம் மரம். ஒற்றைப் பாறு. குஞ்சுக்கு வெயில் மறைக்க நின்றால் தீனிக்குப் போக முடியாது, தீனிக்குப் போனால் குஞ்சு வெயிலில் கிடக்கிறது. காலையில் போய் மாலையில்தான் வருகிறது, அதுவும் பாதி நாள் வெறும் தொண்டைப்பையோடு. காட்டில் புலி அடித்த மிச்சம் எங்கே கிடக்கிறதோ, எத்தனை தூரமோ.

"பக்கத்துலயே ஒரு மாடு விழுந்தாப் போதும்க்கா" என்றாள் பெனாசிர். "களம் இங்கிருந்து ரெண்டு நிமிஷம். தின்னுட்டு உடனே திரும்பிரும். ஒத்தையாக்கூட வளர்த்திரலாம். உறுதி சொல்ல முடியாது. ஆனா வாய்ப்பு இருக்கு."

நான் தொலைநோக்கியைத் துடைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 2

சொசைட்டித் தலைவர் வீட்டு எருமை கிழடாகிச் செத்தது. புதைத்தாயிற்று.

பிப்ரவரி 3

மெலாக்சிகாம் வந்தது. இருபது குப்பி. பெட்டியைப் பிரித்து அலமாரியில் அடுக்கினேன். அடுக்கி முடித்ததும் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை. அப்படியும் இத்தனை நாள் இதனிடம்கூட மென்று விழுங்கியிருக்கிறேன். இப்போது எழுதுகிறேன்.

பொங்கலன்று மாராத்தாள் அக்காவின் மாட்டுக்கு நான் போட்டது டைக்ளோஃபினாக். மனிதர்களுக்கான சின்னக் குப்பி, பத்து. ஈஸ்வரமூர்த்தி கடையில் எடுத்தது. உனக்கு எதற்கு என்று அவர் கேட்டார், மாட்டுக்கு என்று சொன்னேன், அவர் வாயை மூடிக்கொண்டார். பதிவேட்டில் மெலாக்சிகாம் என்று எழுதினேன். மாடு வலியில் பல்லைக் கடித்ததைப் பார்க்க முடியவில்லை. அது பொய்யில்லை. ஆனால் அதுதான் முழுக் காரணம் என்று சொன்னால் அது பொய். டாக்டரம்மாவிடம் மருந்தில்லை என்று மாராத்தாள் அக்கா ஊரில் சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது. மாடு பிழைத்துவிடும், ஒரு வாரத்தில் மருந்து உடம்பைவிட்டுப் போய்விடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். செத்தாலும் சீட்டுக்கு என்னிடம்தானே வர வேண்டும்.

"செத்தா இழுத்துட்டுப் போயிராதீங்க" என்று அன்றைக்கு ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்காகச் சொல்லவில்லை.

அடைப்பான் என்று ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது. நாற்பது கண் என்னைப் பார்த்தது. ரத்த மாதிரி எதுவும் நான் அனுப்பவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 4

கால்நடைத் துறை இணை இயக்குநர் வருகை. அடைப்பானைச் சாமர்த்தியமாகத் தடுத்ததற்காக எல்லார் முன்னிலையிலும் பாராட்டிவிட்டுப் போனார். சால்வை போட்டார்கள். அவர் வண்டி ஏறும்வரை சமயம் வாய்க்கவில்லை. நாளைக்கு.

பிப்ரவரி 5

காலை ஏழரைக்குச் சடையண்ணன் போன் செய்தார்.

"குஞ்சு போயிருச்சுங்."

பிப்ரவரி 6

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

குஞ்சு கூட்டின் ஓரத்தில் தலை தொங்கிக் கிடந்தது. பெரிய பாறு பக்கத்தில் நின்று, இறக்கையை விரித்து, அதற்கு வெயில் மறைத்துக்கொண்டிருந்தது. மதியம் வரை அப்படியே நின்றது. சாயங்காலம் சடையண்ணன் கயிறு கட்டி ஏறி எடுத்துவந்தார். கையில் வாங்கிப் பார்த்தேன். வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. எத்தனையோ கன்று செத்துப் பார்த்திருக்கிறேன், பட்டினிச் சாவு எனக்குத் தெரியும்.

பெனாசிர் அழுது முடித்துவிட்டு முகம் கழுவிவந்தாள்.

"லேப் ரிசல்ட் இந்த வாரம் வந்துரும்க்கா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "அது வர்றதுக்கு முன்னாடி நீங்க எதாவது சொல்லணும்னா சொல்லிருங்க. தாளு சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொன்னதா இருக்கட்டும்."

எப்போதிருந்து தெரியும் என்று கேட்டேன்.

"நீங்க கல்லெடுத்தப்பவே. நோயின்னா நீங்க எங்களைத்தான் விரட்டியிருப்பீங்க. நீங்க பாறுகளை விரட்டுனீங்க."

பிப்ரவரி 7

காலை ஆறரை, பால் சொசைட்டி. ஊர் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் நேரம் அதுதான். மாராத்தாள் அக்காவை நானே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டேன். கேனோடு வாங்க என்றேன். பத்தடி பின்னாலேயே வந்தார்.

சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை, வளைத்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரியும். அடைப்பான் இல்லை. எந்த நோயும் இல்லை. நான் தடைசெய்த ஊசியைப் போட்டேன், அதை மறைக்கப் பொய் சொன்னேன். பதினொரு பாறு செத்தது அந்த ஊசியால்.

பால் அளக்கிறவர் கையிலிருந்த அளவையைக் கீழே வைத்துவிட்டார். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "எங்களுக்கு ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிப்போட்டு நீங்களே போட்டீங்களா?" என்றார் பழனிச்சாமிக் கவுண்டர். "நல்ல எருதைக் குழில போட்டனே. அதுவாச்சும் அந்தக் கழுகு வயித்துக்குப் போயிருக்குமே." அவர் சொன்ன மற்றதையெல்லாம் எழுதவில்லை. எல்லாம் சரியாகத்தான் சொன்னார்.

கூட்டம் அடங்கியதும் மாராத்தாள் அக்கா என் முன்னால் வந்தார்.

"அப்ப என்ற மாட்டுக்கு நோவு இல்லீங்களா?"

"இல்லைக்கா."

"என்ற தொழுவத்துல ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்ல."

"இருவத்தொரு நாளு" என்றார். "என்ற மக போன்லகூடப் பேசல, குழந்தைக்குத் தொத்திக்கும்னு. போன்ல தொத்துமா டாக்டரம்மா?"

அவர் திரும்பிப் போய்க் கேனைத் தராசில் வைத்தார். "ஊத்துங்" என்றார் பால் அளக்கிறவரிடம். அவர் அளந்து ஊற்றினார்.

பிப்ரவரி 8

பவானிசாகருக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஈஸ்வரமூர்த்தி என்னோடு பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும், "உனக்காகத்தான் அன்னைக்குக் கடையைத் தொறந்தேன். இப்பக் கடையவே மூட வெக்கற" என்றார். கடைக்கு ஆய்வு வரும் என்று பயப்படுகிறார். வரும்தான். குப்பியை எடுத்தது நான், தெரிந்து கொடுத்தது அவர். இரண்டையும் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 13

ஆய்வுக்கூடத்துத் தாள் வந்தது. பெனாசிர் படமெடுத்து அனுப்பினாள். நான் சொன்னதுதான்.

பிப்ரவரி 16

தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. சாவி, பதிவேடு, ஊசிப் பெட்டி ஒப்படைத்தேன். ஒரு குப்பிகூட உடையவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 19

வீட்டில் இருக்கிறேன். ஒட்டடை அடித்தேன். பருப்புப் பொடி அரைத்தேன்.

பிப்ரவரி 22

காலையில் பழனிச்சாமிக் கவுண்டர் வாசலுக்கு வந்தார். இன்னொரு எருது. வயதாகிப் படுத்தது, எழவில்லை. எனக்கு அதிகாரம் போய்விட்டது, பவானிசாகர் டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

"அவருக்கு என்னங் தெரியும். ஊசி போட்டது நீங்க. என்ன போட்டீங், மறைக்காமச் சொல்லுங்."

டிசம்பரில் ஒரு கால்சியம், அதற்குப் பின் எதுவும் இல்லை என்றேன். என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். நான் இமைக்காமல் நின்றேன். பிறகு சரி என்றுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.

மதியம் பெனாசிர் போன் செய்தாள். களத்தின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். டிராக்டரில் எருதை இழுத்து வந்தது பழனிச்சாமிக் கவுண்டர், வேலியைப் பிடித்துத் திறந்து நின்றது மாராத்தாள் அக்கா. இறங்கியது இருபத்திரண்டு. நாற்பத்தொன்றை மறுபடி பார்க்க எத்தனை நாளாகும் என்று கேட்டேன். அவள் பேப்பரில் கணக்குப் போட்டாள், எனக்குக் கேட்டது. ஒரு ஜோடிக்கு ஒரு முட்டை, அதிலும் பாதி தேறாது, தேறியது முட்டையிட ஐந்து வருடம். ஒரு தப்பும் நடக்காமல் இருந்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் என்றாள். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு. அதற்குள் உங்களை மறுபடி வேலைக்கு எடுத்திருப்பார்கள் என்றாள். அதைக் கேட்கவில்லை நான்.

பதினொன்றை ஊசி கொன்றது. அதற்கு, மாடு வலியில் துடித்தது என்று ஒரு சமாதானமாவது எனக்கு இருக்கிறது. குஞ்சை ஊசி கொல்லவில்லை. ஒரு எருதும் ஒரு எருமையும் பக்கத்திலேயே குழிக்குள் கிடக்க, அது பட்டினி கிடந்து செத்தது. மூன்றாம் தேதி இந்த டைரியில் எழுதியதை மூன்றாம் தேதியே ஊரில் சொல்லியிருந்தால் குழியைத் தோண்டியாவது எருமையை எடுத்துப் போட்டிருப்பார்கள். நான் நாலாம் தேதி சால்வை வாங்கிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் சடையண்ணன் வந்தார். வாசலிலேயே நின்று சொன்னார். இறகு இல்லாத அந்தப் பாறும் இன்று களத்துக்கு வந்ததாம். தொண்டைப்பை புடைக்கத் தின்றதாம். தின்றுவிட்டு மற்றவைபோல ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போகாமல், நேரே ஏழாம் மரத்துக்குப் பறந்ததாம். கூட்டு விளிம்பில் நின்று கழுத்தை உள்ளே நீட்டி, தின்றதைக் கொஞ்சம் கக்கி வைத்ததாம். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு, அதைத் தானே திரும்பத் தின்றுவிட்டுப் போயிற்று என்றார்.